மானம் என்னும் சொல்லும் கொலையின் நியாயமும்

சாதியின் பேராலும் சமயத்தின் பேராலும் நிகழ்த்தப்படும் வன்முறையைப் பற்றிச் சமூகவியலாரும் சட்ட வல்லுநரும் நிறையவே எழுதியுள்ளனர். அவ்வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் சொற்களைப் பற்றி மொழியியலார் எழுதியது குறைவு. மரபு, வழக்கம், ஒழுக்கம், மானம், ஊர்க்கட்டுப்பாடு ஆகிய சொற்கள் வன்முறைக்கு முன்னும் பின்னும் தவறாது ஒலிக்கின்றன. இவற்றுள் மானம் என்பதனை முதன்மையாகக் கொண்டு, அதன் பொருளும் தொடரமைப்பும் மாறிய விதத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் மட்டாஞ்சேரியிலிருந்து எழுதுவதால், ஒப்பீட்டிற்கு மலையாளம் இயல்பாகவே துணை நிற்கிறது.

மரபின் பேரால் பேசுவோர் திருக்குறளையும் சங்கப் பாடல்களையும் சான்றாகக் காட்டுவது வழக்கம். அச்சான்றுகளை உள்ளவாறே படித்தல் வேண்டும். திருக்குறளின் 97ஆம் அதிகாரம் மானம். மயிர் நீங்கின் உயிர் வாழாத கவரிமாவை வள்ளுவர் அங்கு உவமையாக்குகிறார். மானம் இழக்க நேரின் மானமுடையார் தம் உயிரையே துறப்பர் என்பது உவமையின் கருத்து. அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களிலும் மானத்தின் பொருட்டுப் பிறரைக் கொல்லும் செயல் ஓரிடத்தும் பேசப்படவில்லை. புறநானூறு தரும் செய்தியும் இவ்வாறே அமைந்துள்ளது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் நீத்தான். சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் உரிய மதிப்போடு வாராமையால் அதனைப் பருகாது இறந்தான் என 74ஆம் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு கூறுகிறது. இருவரும் சேரர். கொச்சி அரச குடும்பம் தன் வழியைச் சேரமான் பெருமாளோடு இணைத்துக் கூறி வந்ததால், இவ்விருவரை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

இவ்விடங்களில் மானம் இழந்தவனும் இறப்பவனும் ஒருவனே. வினை 'சாதல்', அது செயப்படுபொருள் குன்றிய வினை. இன்றைய வழக்கிலோ மானம் இழந்ததாகக் கூறப்படுவோர் தந்தையும் உறவினரும் ஊராரும் ஆவர்; இறப்பவர் மகளோ அவள் கணவனோ ஆவர். வினை 'கொல்லுதல்' ஆகிவிட்டது. செயப்படுபொருள் ஒன்று புதிதாக நுழைந்துள்ளது. மரபின் தொடர்ச்சி எனச் சொல்லப்படுவது உண்மையில் தொடரமைப்பின் முறிவு என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இதற்கு ஒரு தடை எழலாம். பரிமேலழகர் மானத்தைக் குடிப்பிறப்போடு இணைத்தே உரை காண்கிறார். ஆகவே குடும்ப மானம் என்பது பழையதே எனலாம். தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மானம் தனிமனிதனைக் கடந்து குடியைச் சாரும் கருத்து அவ்வுரையில் இருக்கவே செய்கிறது. ஆயினும் அங்குக் குடிப்பிறந்தானுக்கு விதிக்கப்படுவது தன் குடி தாழ்தற்கு ஏதுவான செயலைத் தான் செய்யாமை. பிறர் செயலைத் தண்டிக்கும் உரிமை அவனுக்கு வழங்கப்படவில்லை. குடும்ப மானம், சாதி மானம், ஊர் மானம் என்னும் இக்காலத் தொகைகள் இந்த இடைவெளியைத் தாவிக் கடக்கின்றன. சாதி கவரிமாவைப் போல் உயிர் துறக்க இயலாது. எனவே அதன் பொருட்டு வேறொருவர் இறக்க வேண்டியதாகிறது.

தருமபுரியில் 2012 நவம்பர் 7ஆம் நாள் நிகழ்ந்ததை இந்நோக்கில் காணலாம். சாதி கடந்த திருமணம் ஒன்றனை அடுத்து, மணப்பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. தந்தையின் சாவு துயரமானது. அது பழைய வாக்கியத்தின் வடிவில் அமைந்தது. அச்சாவையே காரணமாகக் காட்டி, மணமக்களோடு தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்த கூட்டம் புதிய வாக்கியத்தை எழுதியது. செய்தித்தாள்கள் பல இதனைச் 'சாதி மோதல்' என்றும் 'கலவரம்' என்றும் குறித்தன. மோதல் என்பதற்கு இரு தரப்பு வேண்டும். இங்கு எரித்தது ஒரு தரப்பு, எரிந்தது மறு தரப்பு. கலவரம் என்பதோ எழுவாய் வேண்டாத பெயர். கலவரம் 'மூண்டது' என்று எழுதிவிட்டால் மூட்டியவர் யார் என்னும் வினாவே எழுவதில்லை.

அக்காலத்தில் அரசியல் மேடைகளில் பரவிய 'நாடகக் காதல்' என்னும் தொகையும் கருதத்தக்கது. அடை முன்னே நிற்பதால், காதல் பொய் என்பது நிறுவ வேண்டிய கூற்றாக அன்றி ஏற்கெனவே அறியப்பட்ட செய்தியாகவே கேட்போரை அடைகிறது. நாடகத்தில் ஆண் நடிகன், பெண் ஏமாறும் பார்வையாளர். அவள் விரும்பினாள் என்று சொல்வதற்கு அத்தொகையில் இடமே இல்லை.

பெண்ணை வாக்கியத்திலிருந்து நீக்கும் இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கொச்சி நாட்டில் நம்பூதிரிப் பெண்களின் ஒழுக்கத்தை விசாரித்த ஸ்மார்த்தவிசாரம் என்னும் முறையில், குற்றம் சாட்டப்பட்டவள் பெயரால் குறிக்கப்படவில்லை; 'சாதனம்', அதாவது பொருள், எனப்பட்டாள். அஃறிணையாக்கப்பட்ட பின்னரே விசாரணை நடந்தது. 1905இல் குறியேடத்துத் தாத்ரி 60-க்கும் மேற்பட்ட ஆடவரைச் சுட்டியபோது அம்முறையே நிலைகுலைந்தது. 'சாதனம்' உயர்திணையாகிப் பேசியது என்று மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளியிலும், அடிமை வழியினர் எனக் கருதப்பட்ட யூதர் பிறரோடு சமமாக அமர இயலாதிருந்தது. கூறப்பட்ட நியாயம் வழக்கம் என்பதே. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதனை எதிர்த்து அறப்போர் நடத்தினார். அங்கு இரத்தம் சிந்தவில்லை. ஆயினும் வாதத்தின் அமைப்பு ஒன்றே. சமயம் வேறுபடினும் 'முன்னோர் வகுத்தது' என்னும் தொடர் வேறுபடுவதில்லை.

இனிக் கொலைக்கு இட்ட பெயரைக் காண்போம். ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பான 'கௌரவக் கொலை' என்பதே தமிழில் முதலில் வழங்கியது. கொலைகாரனின் விளக்கத்தையே கொலையின் பெயராக அது ஏற்றுக்கொண்டது. இத்தகைய கொலைகளில் கௌரவம் ஏதும் இல்லை என்று உச்சநீதிமன்றம் 2006இல் லதா சிங் வழக்கில் கூறியது. அதன் பின்னும் பல்லாண்டுகள் நம் இதழ்கள் அச்சொல்லை விடவில்லை. பின்னர்ப் பரவிய 'ஆணவக் கொலை' பெரிதும் வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் என் ஐயம் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆணவம் தனிமனித மனத்தின் குற்றம். சைவ சித்தாந்தத்தில் அது எல்லா உயிர்களையும் அநாதியாகப் பற்றிய மலம். சாதியோ அநாதியன்று, எல்லோரையும் ஒரே வகையில் பற்றுவதுமன்று. ஆகவே 'சாதி ஆணவக் கொலை' என முழுமையாக எழுதுவோரின் வழக்கே துல்லியமானது.

மலையாளம் வேறு வழியில் சென்று 'துரபிமானக் கொல' என்கிறது. தமிழில் அபிமானம் அன்பு, ஈடுபாடு எனப் பொருள் திரிந்துவிட்டது. மலையாளத்தில் அது இன்றும் தன்மதிப்பு, பெருமிதம். அப்பெருமிதத்தை மறுக்காமல், கெட்ட பெருமிதம் எனப் பிரித்துக் காட்டுகிறது அம்மொழி. 2018 மே மாதம் தலித் கிறித்தவ இளைஞர் ஒருவர் மனைவியின் குடும்பத்தாரால் கடத்தப்பட்டு இறந்த வழக்கில், கோட்டயம் நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அது துரபிமானக் கொலையே என்றும் தீர்ப்பளித்தது. ஒரு சொல் இதழ்களிலிருந்து தீர்ப்புக்குச் சென்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சாதி தம்மிடம் இல்லை என்று கூறும் சமயத்தாரிடையேயும் அது கொலை வரை செல்லும் என்பதனையும் இவ்வழக்கு காட்டிற்று.

2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இத்தகைய கொலைகளைத் தடுக்கும் சட்டத்திற்குப் பரிந்துரை செய்ய ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் ஒன்றனை அறிவித்தது. சட்டத்தின் தமிழ் வரைவில் குற்றத்தின் பெயர் யாது, வரையறை வாக்கியத்தின் எழுவாய் யார் என்னும் இரண்டும் மொழியியலாரும் கருத்துரைக்க வேண்டியவை. கத்தியை ஏந்தியவன் மட்டும் எழுவாயாக நின்றால், ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து விலக்கு விதித்தவர்களும் மானம் போயிற்று என்று தூண்டியவர்களும் அவ்வாக்கியத்திற்கு வெளியே நின்றுவிடுவர்.