லயம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘லைன்’ மிக எளிய சொல். கோடு, கயிறு, வரிசை, செய்யுளடி, வமிசம், இருப்புப்பாதை, தொலைபேசித் தொடர்பு என அதன் பொருள்கள் விரியும். படைவீரர் தங்கும் குடில்வரிசை என்பதும் அவற்றுள் ஒன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் படைமுகாம்களில் வழங்கிய இப்பொருளே தோட்டங்களுக்கும் வந்து, தமிழர் நாவில் ‘லயம்’ ஆயிற்று. இலங்கை மலையகத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் வேரூன்றிய அச்சொல், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பின் கேமரன் மலைக்கும் ஏறியது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. வேலை செய்யும் வரிசைக்குத் தொழிலாளி ஆங்கிலத்தை நாடவில்லை. அது ‘நிரை’, பழந்தமிழ்ச் சொல். வாழும் வரிசைக்கே அந்நியச் சொல் வேண்டியிருந்தது. பயிரை நிரையாக நடுவதை அவன் அறிவான். ஒரே கூரையின்கீழ், ஒரு சுவரைப் பகிர்ந்து, பத்துக் குடும்பம் வாழ்வதை அறியான். (அக்கிரகாரத்தில் ஒட்டிய வீடுகள் உண்டெனலாம். கூலியாகக் கப்பலேறியவன் அங்கிருந்து வந்தவனல்லன்.)

தூய தமிழ் நாட்டத்தால் ‘லயம்’ நீக்கி ‘வரிசை வீடு’ என எழுதுவோர் உளர். நோக்கம் நன்று, விளைவு தீது. மலேசிய வாசகனுக்கு வரிசை வீடு என்றால் தாமானில் தவணை கட்டி வாங்கும் சொந்த வீடு. லயமோ வேலையோடு வந்து வேலையோடு போவது. பெயர் வெட்டப்பட்டவன் வீட்டையும் இழக்கிறான். கதையின் துயரமே அச்சத்தில் இருக்க, சொல்லை மாற்றியதும் அச்சம் கழன்றுவிடுகிறது.

இசையில் லயம் தாளத்தின் ஒழுங்கு. மெய்யியலில் ஒன்றில் கரைதல். முதலெழுத்து நீண்டால் ‘லாயம்’, குதிரை கட்டுமிடம். இவ்வளவும் ஒலிக்கும் சொல்லைத் தற்செயலாகவே தோட்டமக்கள் பெற்றனர். ஆயினும் படைப்பாளி அதனை விளக்கக் கூடாது. ‘லயமா, லாயமா’ என்று பாத்திரத்தைச் சிலேடை பேசவைப்பது மேடைத்தனம். பனி இறங்கும் இரவில் பலகைச்சுவர் கடந்து வரும் அண்டைவீட்டு இருமலை எழுதினாலே போதும்.

இன்று கேமரன் மலையில் கொழுந்தெடுப்போர் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர். அவர்கள் அக்குடியிருப்பைத் தம் மொழியில் எவ்வாறு அழைக்கின்றனர் எனக் கேட்டெழுதும் தமிழ்க் கதைக்கு இடம் காத்திருக்கிறது.