சுவரில் நிறைவுறும் சித்திரம்

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் வால்பேப்பர்களைப் புகழ்பவர்கள் அவர் வரைந்த கொடிகளையும் இலைச்சுருள்களையும் புகழ்வார்கள். அடுத்ததாக, லண்டனில் ஜெஃப்ரி நிறுவனத்தார் பேரிமர அச்சுக்கட்டைகளால் அவற்றைக் கையால் அச்சிட்ட நேர்த்தியைச் சொல்வார்கள். 1875இல் உருவான 'அகாந்தஸ்' வடிவத்தை முழுமையாக அச்சிட 30 கட்டைகள் வேண்டியிருந்தன என்பதால் அந்தப் புகழ்ச்சி மிகையில்லை. பாராட்டு அத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. அச்சகத்தை விட்டு வரும் வால்பேப்பர் அரை மீட்டர் அகலமுள்ள ஒரு சுருள் மட்டுமே. அதை அறையாக்குபவர் சுவரில் ஒட்டுகிறவர். ஒட்டும் வேலையைப் படைப்பின் பிற்பாதியாகவே மதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாரிஸ் முதன்முதலாக வரைந்த வால்பேப்பர் 'ட்ரெல்லிஸ்'. 1862இல் வரையப்பட்டு 1864இல் விற்பனைக்கு வந்தது. குறுக்கும் நெடுக்குமான மரச்சட்டங்களில் ரோஜாக்கொடி படர்ந்திருக்கும். இடையிடையே உள்ள பறவைகளை அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான ஃபிலிப் வெப் வரைந்தார். இலைகள் மட்டும் அடர்ந்த வடிவத்தில் சிறு பிசகு கண்ணில் படாமல் போகலாம். இங்கே சட்டங்கள் நேர்கோடுகள். முதல் பட்டை ஒரு நூல் சாய்ந்தாலும் அந்தச் சாய்வு அடுத்தடுத்த பட்டைகளுக்கும் தொற்றி, அறையே சரிந்ததுபோல் தோன்றும். அதனால்தான் தேர்ந்த கை, கதவு நிலையையோ சுவரின் ஓரத்தையோ நம்பாமல் தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கோடு போட்டபின்பே தொடங்குகிறது. பசை தடவிய காகிதம் ஈரத்தில் ஊறி அகலும். ஒவ்வொரு பட்டையையும் ஒரே அளவு நேரம் ஊறவிட்டால்தான் இணைப்பில் இலையும் காம்பும் பொருந்தும். ஊறாமல் ஏறிய பட்டை சுவரிலேயே உப்பிக் குமிழிவிடும்.

பழைய வீடுகளில் மூலைகள் மூலமட்டத்துக்கு நிற்பதில்லை. முழுப் பட்டையை மூலையில் மடக்கி ஒட்டினால் அது மறுசுவரில் கோணலாகத்தான் இறங்கும். எனவே மூலையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர்போல விட்டுவிட்டு வெட்டி, அடுத்த சுவரில் புதிதாகத் தூக்குக்கோடு போட்டு, மிச்சப் பட்டையை அந்த விளிம்பின்மேல் ஒட்டுகிறார்கள். வடிவத்தில் கொஞ்சம் இழந்து நேர்மையைக் காக்கும் முடிவு இது. அறையைச் சுற்றிவந்து கடைசிப் பட்டை முதல் பட்டையைச் சந்திக்கும் இடத்தில் வடிவம் பெரும்பாலும் பொருந்தாது. அந்தப் பொருத்தமின்மையை நுழைவாயில் கதவுக்கு மேலுள்ள குறுகிய இடத்துக்குக் கொண்டுபோக, வேலையை எங்கே தொடங்குவது என்று முதலிலேயே கணக்கிட வேண்டும்.

இவையெல்லாம் கைப்பழக்கம்தானே, கலை எங்கே என்று கேட்கலாம். வடிவம் வரைந்தவருக்கு அறை தெரியாது என்பதே இதற்குப் பதில். கணப்புக்கு மேலே சுவரின் நடுவில் பூவின் மையம் விழ வேண்டுமா, இரு பட்டைகளின் இணைப்பு விழ வேண்டுமா? கூரை விளிம்பு வெப்பின் பறவையைக் கழுத்தோடு வெட்டுமா, தலைக்கு மேல் இடம் விடுமா? இவை ஓவியனின் தீர்மானங்கள், எடுப்பவர் ஒட்டுகிறவர். சுவருக்கே பசை தடவி ஒட்டும் இன்றைய காகிதங்கள் ஊறி விரிவதில்லை, ஆகவே திறமைக்கு இனி வேலையில்லை என்பாரும் உண்டு. அவை ஒரு கவலையைத்தான் குறைத்தன. கோணல் மூலை அப்படியே இருக்கிறது. பறவையின் கழுத்தும் அப்படியே. வால்பேப்பரே சுவரில் தொங்கவிடும் துணித்திரைகளுக்கு மலிவான மாற்று என்ற வாதத்திலும் உண்மை உண்டு. மாரிஸே துணித்திரைகளைத்தான் மேலாக எண்ணினார். ஆனால் துணியின் மடிப்பு பிழையை ஒளிக்கும். சுவரோடு ஒட்டிய காகிதத்துக்கு ஒளிய இடமில்லை. மலிவான பொருள்தான் இங்கே கூடுதல் துல்லியத்தைக் கேட்கிறது.

வால்பேப்பர் ஒட்டிய அறைக்குள் போனால் பூவை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மூலைகளையும், கூரையோரத்தையும், கதவுக்கு மேலுள்ள துண்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால், வரைந்தவருக்குத் தரும் பாராட்டில் சரிபாதியை ஒட்டியவருக்கும் கொடுங்கள்.