உறுதுணையும் உடந்தையும்

தமிழ்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் சொற்களுள் 'உறுதுணை' என்பது ஒன்று. பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, சங்க ஆண்டுக்கூட்டம், இரங்கற் செய்தி ஆகிய எதுவாயினும் ஆங்கு ஓர் உறுதுணை இருப்பது உறுதி. ஆயின், அச்சொல்லின் முன்நிற்கும் 'உறு' யாது என்று வினவினால், எழுதுவோரும் படிப்போரும் சற்றே தயங்குவர். 'உறு' பழைய உரிச்சொல். இன்றைய உரைநடையில் அருகிப்போன சொல். இலக்கியத்தில் அது நின்ற நிலையையும் செய்தித்தாளில் அது பெறும் நிலையையும் ஒப்புநோக்குவது மொழி பயிற்றுவோர்க்குப் பயன் தரும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலை உரிச்சொல்லுக்கென்றே வகுத்தார். உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப் பொருள் தருவன என்பது அவர் கூற்று. நன்னூலார் இவற்றோடு சால, கூர், கழி என்பனவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். எல்லாரும் அறிந்த சொல்லுக்குப் பொருள் கூற வேண்டுவதில்லை. வழக்கிற் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி விளக்குதல் வேண்டும் என்பதும் தொல்காப்பியர் கொள்கையே. இஃது இலக்கண நெறி மட்டுமன்று. சிறந்த கற்பித்தல் நெறியும் ஆகும்.

அவ்வாறே சார்த்திப் பார்ப்போம். திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்தில் 'உறுபசி' வருகின்றது. பரிமேலழகர் அதற்கு மிக்க பசி என்று பொருள் கொண்டார். நாலடியாரில் 'உறுபுனல்' வருகின்றது. ஆறு உலகுக்கு ஊட்டும் மிக்க நீர் அது. இவ்விரண்டிலும் 'உறு' உரிச்சொல்லே என்பது தெளிவு.

ஆயின், திருக்குறளிலேயே பொருள்செயல்வகை அதிகாரத்தில் வரும் 'உறுபொருள்' வேறு. உரியவர் இன்மையால் தானே வந்து அரசனை உற்ற பொருள் அது. ஈண்டு 'உறு' என்பது வந்தடைதல் என்னும் வினையின் பகுதி. ஆதலின் அது வினைத்தொகை. வடிவம் ஒன்று, இலக்கணம் இரண்டு. இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. 'மிக்க' என்னும் சொல்லை இட்டுப் பொருள் பொருந்தின் உரிச்சொல். 'உற்ற', 'உறும்' என்பன பொருந்தின் வினைத்தொகை. மூதுரையிற் கொக்கு காத்திருக்கும் 'உறுமீன்' இரண்டுக்கும் இடந்தரும். பெரிய மீன் எனினும் அமையும்; தனக்கென வந்துறும் மீன் எனினும் அமையும். மாணவரை எண்ணத் தூண்டுவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

உறுதுணையும் இத்தகையதே. மிக்க துணை என்றும், இடர் வந்த காலத்து வந்துற்ற துணை என்றும் அதனைக் கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும் அது சிறு உதவியைக் குறிப்பதன்று. செய்தித்தாளின் குறை இங்குதான் தொடங்குகின்றது. நாற்காலி இரவல் கொடுத்தவரும், மாலை வாங்கி வந்தவரும், பந்தலுக்குக் கயிறு கட்டியவரும் ஒருங்கே உறுதுணை ஆகிவிடுகின்றனர். தோட்டத்து மக்கள் இவற்றை ஒத்தாசை என்பர், கைகொடுத்தார் என்பர். அவை அளவறிந்த சொற்கள். அவற்றைத் தாழ்ந்தன என்று ஒதுக்கி, உயர்ந்தது என்று கருதிய ஒன்றை எங்கும் பரப்பினால், உயர்ந்த சொல்லும் தன் உயரத்தை இழக்கும்.

'பெரும் உறுதுணை' என்று எழுதுதல் பிழை என்பர் சிலர். அக்கூற்று முற்றிலும் ஏற்புடையதன்று. ஒருபொருட்பன்மொழி சிறப்புக் கருதி வருமாயின் நன்னூல் அதனை ஏற்கும். 'கழிபேருவகை' என்பதில் கழியும் பெருமையும் அடுக்கி வருவதை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் 'ஓரளவு உறுதுணை' என்பது தன்னைத் தானே மறுக்கும் தொடர். அதற்கு எவ்விதியும் இடந்தராது.

இவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. 'கொள்ளைக்கு உறுதுணையாக இருந்தவர் கைது' என்றாற்போன்ற தலைப்புகள் குற்றச் செய்திகளில் இடம்பெறுகின்றன. தீயசெயலில் உடன்பட்டு நிற்பவரைச் சுட்ட 'உடந்தை' என்னும் சொல் வழக்கில் இருக்கின்றது. அதனை விடுத்து உறுதுணை என எழுதுவதால், மூதாட்டி ஒருத்தியைக் காத்து நின்ற மகளும் கொள்ளையனுக்குக் கதவு திறந்துவிட்டவனும் ஒரே சொல்லுக்கு உரியவராகின்றனர். நன்மைக்கும் தீமைக்கும் வேறுவேறு சொல் வைத்திருக்கும் மொழியில் அவ்வேறுபாட்டை அழிப்பது சிறு தவறன்று.

சொற்பொருள் காலந்தோறும் மாறும். செய்தியாளரைப் பழைய நூல்களால் தடுக்கலாகாது என்று மறுப்போர் உண்டு. சொற்பொருள் மாறும் என்பது மெய்யே. எனினும், மாற்றத்தால் மொழி புதியதொரு வேறுபாட்டைப் பெறுமாயின் அது வளர்ச்சி. இருந்த வேறுபாட்டை இழக்குமாயின் அது தேய்வு. மேலும் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களின் தோட்டப் பிள்ளைகளிற் பலருக்குப் பாடநூலுக்கு அடுத்தபடியாகக் கைக்கு எட்டும் தமிழ் செய்தித்தாள் தமிழே. அத்தாளின் வழக்கே அவர்தம் கட்டுரையின் வழக்காகின்றது. 'உருதுணை' என்று இடையின ரகரமிட்டு எழுதும் மாணவன், உறுபசியையும் உறுமீனையும் அச்சொல்லோடு இணைத்துக் காட்டினால், அப்பிழையை எளிதில் விடுவான்.

இச்சொல் பொருந்தும் இடத்துக்கு மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பது அம்முயற்சியின் நோக்கம். நாட்கூலி பெற்ற பாட்டாளிகளும் தம் வெள்ளியை அதற்கு ஈந்தனர். அத்துறை 1956-இல் தோன்றியது. அம்மக்கள் தமிழுக்கு மிக்க துணை; வேண்டிய காலத்தில் வந்துற்ற துணையும் ஆவர். உரிச்சொல்லாகக் கொள்ளினும் வினைத்தொகையாகக் கொள்ளினும் அவர்க்கு அச்சொல் பொருந்தும்.

ஆதலின் செய்தி எழுதுவோர், சிற்றுதவிக்கு ஒத்தாசை என்றும், குற்றத்திற்கு உடந்தை என்றும், அரிய உதவிக்கே உறுதுணை என்றும் எழுதுதல் நன்று. ஆசிரியர்களோ, செய்தித்தாளில் இச்சொல் வரும் இடங்களை மாணவரைக் கொண்டு தொகுப்பித்து, 'மிக்க' என்பதை இட்டு ஆராயச் செய்யலாம். பொருந்துவன எத்துணை, பொருந்தாதன எத்துணை என்பதை மாணவரே கண்டு கூறுவர்.