நாலு நூலும் பன்னிரண்டு எம்எம்மும்

பெசன்ட் நகரில் குதிரையேற்றம் சொல்லித்தரும் நண்பர் ஒருவர், உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய ஒற்றைக் குதிரை டிரெய்லர் வைத்திருக்கிறார். ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி. பத்து நாள் அதை என்னிடம் கொடுத்து, "ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுங்க" என்றார்.

கிண்டியில் 1777-லேயே பந்தயம் நடந்த ஊர் இது. கோடையில் ஊட்டிப் பந்தயத்துக்கு மலையேறிய குதிரைகள் பெரிய ஃப்ளோட் லாரிகளில் போயின. ஒரே ஒரு குதிரையை அடையாறிலிருந்து கிண்டி வரை கொண்டுபோக அவ்வளவு பெரிய வண்டி வேண்டாம். அந்த வேலைக்கு இந்த டிரெய்லர் சரியான அளவு. தளம் தரையிலிருந்து ஒன்றரை அடி, சாய்தளம் ஐந்தடி. ஏற்றம் செங்குத்தாக இல்லை. மேலே ரப்பர் விரிப்பு, குறுக்கே கட்டைகள். குளம்பு வழுக்கவில்லை. குதிரை ஏற்றும் வண்டிக்கு அதற்கென்று அமைத்த பின்கதவும், பக்கவாட்டில் மெத்தையும் வேண்டும் என்கின்றன 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள். இரண்டும் இதில் இருக்கின்றன.

ஆனால் நண்பரின் குதிரை ராணி ஏற மறுத்தாள். முன்னங்காலைச் சாய்தளத்தில் வைப்பாள், இடது ஓரத்தில் 'டக்' என்று சத்தம் கேட்கும், உடனே காலை இழுத்துக்கொள்வாள். மூன்று முறையும் இதேதான். பிடிவாதம் என்றார் லாயக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குதிரை கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காலால் தெரிந்துகொள்ளும்.

அவளை அப்பால் கட்டிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாய்தளத்தைப் பாதி தூக்கி ஆட்டினோம். மூன்று கீல்களில் இடதுபக்கக் கீலின் பின் கொடகொடவென்று ஆடியது. நுனியில் ஸ்பிளிட் பின் இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்து எப்போதோ விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக யாரோ கட்டுக்கம்பியைச் சுற்றியிருந்தார்கள். நானூறு கிலோ குதிரை சாய்தளத்தின் நடுவில் நிற்கும்போது பாதி பாரம் கீல்கள் மேல்தான். அந்தச் சமயத்தில் ஒரு பின் கழன்றால் சாய்தளம் முறுக்கிக்கொள்ளும். தளத்துக்கும் அதற்கும் நடுவே விரியும் சந்தில் கால் இறங்கும். குதிரைக்குக் கால் முறிந்தால் என்ன ஆகும் என்று குதிரை வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புதுப்பேட்டையிலிருந்து வந்த லேத் பட்டறைக்காரர் வெர்னியரை வைத்துப் பார்த்ததும் சொன்னார்: "நாலு நூலும் பன்னெண்டும் ஒண்ணில்லண்ணே."

பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் அரை அங்குலம், அதாவது 12.7 எம்எம். கீல் குழாயின் துளை அந்த அளவு. அதில் போட்டிருந்த பின்னோ 12 எம்எம். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 0.7 எம்எம் இடைவெளியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின் இடித்து இடித்து, துளை 13.2-க்கு முட்டை வடிவில் தேய்ந்துபோயிருந்தது.

வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டால் மூன்று கீலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது; பிறகு சாய்தளத்தைத் தூக்கும்போதெல்லாம் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் சாய்தளத்தை ஜாக்கியில் தாங்கவிட்டு, துளைகளை டிரில்லால் பெரிதாக்கி, கடைசியில் 14 எம்எம் ரீமரைக் கையாலேயே மெல்லத் திருகினார். சுருள் சுருளாக இரும்புத் தூள் உதிர்ந்தது. இஎன் 8 ராடில் கடைந்த 14 எம்எம் பின் கிரீஸோடு உள்ளே போனபோது சத்தமே இல்லை. நுனியில் வாஷர், ஸ்டெயின்லெஸ் ஸ்பிளிட் பின், கால் இரண்டும் நன்றாக விரித்து மடக்கியது. மற்ற இரண்டு கீலுக்கும் அதே வைத்தியம். மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

வண்டியில் இன்னும் ஒரு குறை உண்டு. சாய்தளத்தைத் தூக்க உதவும் ஸ்பிரிங் கிடையாது. இரண்டு ஆள் வேண்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டி என்பதால் வாரம் ஒருமுறை கிரீஸும் வைக்க வேண்டும். மற்றபடி தயங்காமல் வாங்கலாம், கீல் பின்னை அளந்து பார்த்துவிட்டு.

மறுநாள் காலை ராணி முன்னங்காலை வைத்தாள். காதுகள் இரண்டும் முன்பக்கம் திரும்பின. ஒரு நொடி நின்றாள். பிறகு பின்னங்கால்களும் ஏறி வந்தன.