நிழலுலகச் சித்திரக்கதையும் வகைக் கலப்பும்

சித்திரக்கதையை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவருவது தகுமா என ஆசிரிய நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அதிலும் கொலையாளிகளையும் கொள்ளைக் கூட்டத்தாரையும் பற்றிய சித்திரக்கதை என்றால் கேட்கவே வேண்டாம். மாணவரிடமிருந்து பறித்து மேசை லாச்சிக்குள் வைக்கவேண்டிய பண்டம் அது என்பதே நம்மிற் பலரது எண்ணம். நானும் அவ்வாறு பறித்தவனே. ஆயினும், சென்ற தவணையிலே சித்திரம் வரைவதில் வல்லவனான உயர்தர வகுப்பு மாணவனொருவன் என்னிடம் வந்து, “சேர், பாதாள உலகக் கதையொன்று கீறுகிறேன். அதற்குள் விண்வெளிக் கதையையும் கலந்தால் பிழையா?” என்று கேட்டான். பிழையில்லை என்று கூறி அனுப்பிவிட்டேன். எதற்காகக் கலக்கிறாய் என்றல்லவா திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்!

வெவ்வேறு கதை வகைகளைக் கலப்பது தன்னளவிற் புதுமையும் அன்று, புரட்சியும் அன்று. இருவகை வாசகரை ஒரே வலையிற் பிடிக்க விரும்பும் வணிகனும் அதனையே செய்கிறான். எனவே கலப்பின் நோக்கத்தை ஆராய்வதே விமர்சகனின் கடமையாகும்.

குற்றக் கதையின் இருள்வகைக்கு ‘நுவார்’ என்ற பெயரை 1946இல் பிரெஞ்சு விமர்சகர், அக்காலத்து அமெரிக்கத் திரைப்படங்கள் சிலவற்றைக் கண்டு வழங்கினர். ஆனால் அதன் வேர் மலிவு விலைச் சஞ்சிகைகளில் வெளிவந்த கதைகளில் உண்டு. அவற்றை எழுதியோருள் தலையாயவர் டஷியெல் ஹமெற். தனியார் துப்பறியும் நிறுவனமொன்றிற் பணியாற்றிய அவர், 1929இல் வெளியிட்ட ‘ரெட் ஹாவெஸ்ற்’ நாவலிலே சுரங்க நகரமொன்றைக் காட்டுகிறார். வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு முதலாளி வரவழைத்த காடையரே பின்னர் அந்நகரின் எசமானர்களாகி விடுகின்றனர். பாதாள உலகம் மேலுலகத்தின் பிள்ளை என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது. பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தமைக்காக அவர் 1951இற் சிறை சென்றதையும் இங்கு நினைவுகூரலாம்.

சித்திரக்கதைக்கோ இந்த உண்மையைச் சொல்லும் உரிமை நெடுங்காலம் இருக்கவில்லை. 1954இல், செனற் சபை விசாரணைக்கு அஞ்சிய அமெரிக்கப் பதிப்பாளர் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதிக்கோவையை ஆக்கிக்கொண்டனர். குற்றவாளி மீது அனுதாபம் எழக்கூடாது. நன்மையே எப்பொழுதும் வெல்லவேண்டும். பொலிசாரும் நீதிபதிகளும் மதிப்பிழக்கும் வகையிற் சித்திரிக்கப்படலாகாது. முத்திரை பெறாத இதழை விநியோகத்தர் ஏற்கத் தயங்கினர். எழுபதுகளிற் சித்திரக்கதைக்கென்றே தனிக் கடைகள் பெருகிய பின்னர்தான், முத்திரையும் பெருநிறுவனமும் இன்றி ஒருவன் தன் கதையைத் தானே வெளியிடும் வழி திறந்தது.

அவ்வழியின் பயனைப் பெற்ற இருவரை ஒப்புநோக்குவோம். பிராங்க் மில்லரின் ‘சின் சிற்றி’ 1991இல் தொடங்கியது. கறுப்பும் வெள்ளையும் அவர் கையில் வாளும் கேடயமும் போல மோதுகின்றன. ஓவியத் திறனை மறுப்பதற்கில்லை. அவர் கலந்தது என்ன? நுவாரையும் பழைய வீரக் காதற் கதையையும். மார்வ் என்னும் முரடன் தன் அருகே கொல்லப்பட்டுக் கிடந்த கோல்டிக்காகப் பழிவாங்கப் புறப்படுகிறான். நகரின் ஊழல் அவனுக்குப் போர்க்களம் மட்டுமே. பெண் பழிவாங்குவதற்கான காரணம் ஆகிறாள். வன்முறை இங்கே புனிதமடைகிறது. இரு வகைகள் கலந்தும் ஒன்றின் பொய் மற்றதன் பொய்யைத் தாங்கி நிற்கிறதேயன்றி, எதையும் உடைக்கவில்லை.

டேவிட் லாப்ஹமின் ‘ஸ்ட்ரே புல்லற்ஸ்’, அதாவது ‘இலக்குத் தப்பிய சன்னங்கள்’, வேறு திசையிற் செல்கிறது. பிறருடைய நிறுவனங்களுக்கு வீரநாயகர் கதை வரைந்துகொண்டிருந்த லாப்ஹம், 1995இல் தம் மனைவி மரியாவுடன் எல் கப்பிற்றான் என்ற சிறு வெளியீட்டகத்தை நிறுவி இதனை வெளியிடத் தொடங்கினார். பக்கத்துக்குப் பெரும்பாலும் எட்டுக் கட்டங்கள், வர்ணமில்லை. கொலைக்கும் அதே அளவு கட்டம், குடும்பத்தார் உணவருந்துவதற்கும் அதே அளவு கட்டம். வன்முறைக்கு விசேட அரங்கு அமைத்துக் கொடுக்க மறுக்கும் இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் இதழ் 1997இல், அஃதாவது அப்போதைய எதிர்காலத்தில், பிணமொன்றை ஏற்றிய காருடன் ஆரம்பிக்கிறது. அடுத்த இதழ் 1977இன் பால்ரிமோர் நகருக்குப் பின்செல்கிறது. வேர்ஜீனியா அப்பிள்ஜாக் என்னும் சிறுமி ‘ஸ்ரார் வோர்ஸ்’ படம் பார்த்துவிட்டு வரும்வழியிற் சந்தொன்றிற் கொலையொன்றைக் காண்கிறாள். அக்கணம் முதல் இது பாதாள உலகக் கதையாக மட்டும் இருப்பதை நிறுத்திவிடுகிறது. பள்ளிக்கூடக் கதையும் குடும்பக் கதையும் வீட்டைவிட்டு ஓடிய பிள்ளையின் கதையும் அதற்குள் நுழைகின்றன. கூட்டத் தலைவன் ஹாரியோ தொடக்க இதழ்களில் வெறும் பெயர் மட்டுமே. அதிகாரம் தன் முகத்தைக் காட்டுவதில்லை. அதன் சன்னங்கள் மாத்திரம் வந்து விழுகின்றன.

ஆறாம் இதழிலே திடீரென எதிர்கால உலகம் தோன்றுகிறது. ஏமி ரேஸ்கார் என்னும் பயங்கரக் கொள்ளைக்காரி அங்கே உலவுகிறாள். வாசகன் திகைக்கிறான். இவள் யார்? வேர்ஜீனியா தன் கற்பனையில் எழுதும் கதையின் நாயகி! படமாளிகையிற் கண்ட விண்வெளியும் சந்திற் கண்ட துவக்கும் ஒரு பிள்ளையின் மனத்தில் ஒன்றாகிவிட்டன. தன்னைத் துன்புறுத்திய உலகில் எவராலும் துன்புறுத்த முடியாதவளாக அவள் தன்னைப் படைத்துக்கொள்கிறாள். அந்தப் படைப்பும் கொலைகாரியாகவே பிறக்கிறது என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. இங்கு கலப்பு பாத்திரத்தின் வாழ்க்கை அநுபவத்திலிருந்து விளைந்தது. ஏமியின் கதைகளைத் தனியே பிரித்து வாசிப்போருக்கு அவை வேடிக்கையாகவே தோன்றும். சிறுமியை மறவாதவனுக்குச் சிரிப்பு வராது.

குறைகளும் உண்டு. சுயாதீனம் இலவசமாகக் கிடைப்பதன்று. 2005இல் நாற்பதாம் இதழுடன் தொடர் தடைப்பட்டது. லாப்ஹம் அவ்வாண்டிற் பற்மன் கதை எழுதினார். தம் கதையின் நாற்பத்தோராம் இதழை 2014இல் இமேஜ் வெளியீட்டகம் மூலமே கொண்டுவர முடிந்தது. 2015இல் ஆரம்பமான ‘சன்சைன் அன்ட் ரோசஸ்’ தொடரில், கூட்டத்தாரின் திருட்டும் சூழ்ச்சியும் மையத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உரையாடல் முன்னரிலும் கூர்மையாக இருக்கிறது; விறுவிறுப்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கண்களினூடாக இந்த உலகத்தை முதலிற் கண்டோமோ, அந்தச் சிறுமியின் கண்களை நான் பக்கம் பக்கமாகத் தேடவேண்டியதாயிற்று.

என் மாணவன் பதினான்கு பக்கம் கீறி முடித்திருக்கிறான். விண்கலம் ஒன்பதாம் பக்கத்தில் வந்து இறங்குகிறது. அதனை யார் கனவு காண்கிறார்கள் என்று இம்முறை கேட்டேன். யோசித்துவிட்டுச் சொல்வதாகக் கூறிக் கொப்பியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.