சிகப்பு ரோஜாக்களும் தமிழின் தொடக்ககால ஸ்லாஷர் படங்களும்

ஒரு கொலையாளி அடுத்தடுத்துப் பலரை, பெரும்பாலும் பெண்களை, கூரிய ஆயுதத்தால் கொல்வதைக் கதையின் மையமாகக் கொண்ட திகில் படங்கள் ஸ்லாஷர் எனப்படுகின்றன. தமிழில் இவ்வகைக்கு முதன்மையான தொடக்ககால எடுத்துக்காட்டு, பாரதிராஜா இயக்கிய சிகப்பு ரோஜாக்கள் (1978). பாலு மகேந்திராவின் மூடுபனி (1980), மணிவண்ணனின் நூறாவது நாள் (1984) ஆகியவை இதற்கு நெருக்கமான படங்கள். தமிழ் மரபில் பெரும்பாலும் பெண்ணுருவில் இருந்த அச்சத்தை இப்படங்கள் ஆணுருவுக்கு மாற்றின. முதல் இரண்டு படங்களும் அந்த ஆணின் வன்முறைக்குக் காரணம் தேடிக் கடந்தகாலத்துக்குச் சென்றன. அவற்றின் ஈர்ப்பும் அவற்றின் மீதான விமர்சனமும் இந்த இடத்திலேயே தொடங்குகின்றன.

மரபில் அச்சத்தின் உருவம்

தமிழ்நாட்டுத் தொன்மங்களிலும் நாட்டார் கதைகளிலும் அஞ்சத்தக்க உருவங்களுள் பல பெண்கள். கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகத் திரும்பிப் பழிவாங்கும் பழையனூர் நீலி இவர்களுள் புகழ்பெற்றவள். சிதம்பரத்தில் நடராஜர் ஊரின் நடுவில் இருக்க, ஆடல் போட்டியில் தோற்று உக்கிரம் கொண்ட தில்லைக் காளி ஊரின் எல்லையில் கோயில் கொண்டிருக்கிறாள். பெண்ணின் சினத்தை ஊருக்கு வெளியே நிறுத்தி, அங்கேயே அதை வழிபட்டுத் தணிக்கும் மனநிலையை இத்தலக்கதையில் காணலாம்.

நவீன இலக்கியம் இந்த அச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதையில், வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பேயோ என்ற ஐயம் கணவனைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஐயத்தைக் கதை தீர்த்துவைப்பதில்லை. இங்கும் அச்சத்துக்குரியவள் பெண், அஞ்சுபவன் ஆண்.

வீட்டுக்குள் இருக்கும் ஆண்

சிகப்பு ரோஜாக்கள் இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது. திலீப் (கமல்ஹாசன்) படித்த, பணக்கார, நன்கு உடுத்தும் தொழிலதிபர். துணிக்கடையில் வேலை செய்யும் சாரதா (ஸ்ரீதேவி) அவனை மணந்து அவனுடைய மாளிகைக்கு வருகிறாள். அவனால் கொல்லப்பட்ட பெண்களின் உடல்கள் அந்த வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்கு அடியில் கிடக்கின்றன. திருமணத்தோடு முடிந்துவிடும் காதல் கதைகளுக்குப் பழகிய பார்வையாளருக்கு, இப்படத்தில் திருமணத்துக்குப் பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. வெள்ளைச் சேலையும் கொலுசொலியும் இல்லாத இந்த அச்சம், முன்பின் தெரியாத வீட்டுக்கு மணமாகிச் செல்லும் எந்தப் பெண்ணுக்கும் புரியக்கூடியது. படம் பழையதாகாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

நூறாவது நாள் இதே அச்சத்தை வேறு வகையில் கையாள்கிறது. மனைவி (நளினி) காணும் கொலைக் கனவுகளில் தொடங்கும் கதை, வீட்டுச் சுவருக்குள் மறைக்கப்பட்ட உடலை நோக்கிச் செல்கிறது. இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் 1977-ஆம் ஆண்டுப் படத்தின் சாயல் இதில் உண்டு. எனினும் மணவாழ்வு பற்றிய ஐயம் தமிழ்க் குடும்பச் சூழலில் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

உலகப் பின்னணி

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் சைக்கோ, மைக்கேல் பவலின் பீப்பிங் டாம் ஆகிய இரண்டும் 1960-இல் வெளியாகி இவ்வகைக்கு அடித்தளமிட்டன. ஜான் கார்ப்பென்டரின் ஹாலோவீன் சிகப்பு ரோஜாக்கள் வந்த அதே 1978-இல் வெளியானது. இரண்டையும் ஒப்பிட்டால் தமிழ்ப் படத்தின் தனித்தன்மை தெரியும். ஹாலோவீனின் கொலையாளிக்கு முகமூடி உண்டு, காரணம் சொல்லப்படுவதில்லை. திலீப்புக்கு நட்சத்திரத்தின் அழகிய முகமும் விரிவான கடந்தகாலமும் உண்டு. வளர்ப்புத் தந்தை கொலைகளைப் படமாகப் பார்த்து மகிழ்வது பீப்பிங் டாமை நினைவூட்டுகிறது. அதைவிட முக்கியமாக, பெண் வெறுப்பு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கப்படுவதை அது காட்டுகிறது.

ஒலியும் ஒளியும்

16 வயதினிலே (1977), கிழக்கே போகும் ரயில் (1978) என்ற இரு கிராமப் படங்களை எடுத்த குழுவிலிருந்தே இந்த நகரத் திகிலும் வந்தது. மூன்றுக்கும் ஒளிப்பதிவு பி.எஸ். நிவாஸ், இசை இளையராஜா. சிகப்பு ரோஜாக்களில் பாடல்கள் இரண்டுதான். மீதி இடத்தைப் பின்னணி இசையும் மௌனமும் நிரப்புகின்றன. கறுப்புப் பூனை, பூட்டிய அறை, கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் துரத்தல் ஆகிய காட்சிகளில் ரத்தத்தைவிட எதிர்பார்ப்பே அச்சத்தை உண்டாக்குகிறது. இளையராஜாவின் 100-ஆவது படமான மூடுபனியில் பாலு மகேந்திராவின் மென்மையான இயற்கை ஒளி, கொலைகாரனின் தனிமையைப் பார்வையாளருக்கு மிக அருகில் கொண்டுவருகிறது. மங்கலான அழகுக்குள் வன்முறை நிகழ்வது தமிழுக்குப் புதியது.

விமர்சனம்

திலீப்பின் சிறுவயதுக் கதையில் ஒரு பெண் அவன்மீது பொய்ப்பழி சுமத்துகிறாள். பிறகு அவனுக்கு அடைக்கலம் தந்தவரின் மனைவி கணவனுக்குத் துரோகம் செய்கிறாள். அவளைக் கணவன் குத்தும்போது சிறுவனே அவரைத் தூண்டுகிறான். அக்காட்சியின் வசனம் பின்னாளில் மேடை மிமிக்ரியிலும் நகைச்சுவையிலும் புகழ்பெற்றது. ஒரு குழந்தை கொலைக்குக் குரல் கொடுக்கும் கொடூரம் சிரிப்பாக மாறியது, படத்தின் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. கொலைகாரனின் தர்க்கத்தைப் படம் கண்டிக்கிறது. ஆனால் அந்தத் தர்க்கத்துக்குச் சான்று தருவதுபோலவே கடந்தகாலப் பெண்களைப் படைத்திருக்கிறது. கொல்லப்படும் பெண்கள் துணிச்சலாக ஆசையை வெளிப்படுத்துபவர்கள்; தப்பிப்பவள் திருமணத்தை வலியுறுத்தியவள். அமெரிக்க ஆய்வாளர் கேரல் க்ளோவர் 1987-இல் விளக்கிய 'இறுதிப் பெண்' என்ற கருத்தோடு இது ஒத்துப்போகிறது.

மூடுபனியின் சந்துரு (பிரதாப் போத்தன்) பாலியல் தொழிலாளிகளைக் கொல்கிறான். தாயைத் துன்புறுத்திய தந்தையே அவனுடைய காயத்தின் மூலம். ஆனால் தண்டனை பெறுபவர்கள் பெண்கள். தவறு ஆணிடமும் சாவு பெண்ணிடமும் இருக்கும் இந்த அநீதியை மூடுபனி ஓரளவு உணர்ந்திருக்கிறது. அவ்வகையில் அது சிகப்பு ரோஜாக்களைவிட ஒரு படி முன்னே நிற்கிறது.

தாக்கம்

சிகப்பு ரோஜாக்கள் 1980-இல் ராஜேஷ் கன்னா நடிப்பில் ரெட் ரோஸ் என்று இந்தியில் பாரதிராஜாவாலேயே மீண்டும் எடுக்கப்பட்டது. நடுநிசி நாய்கள் (2011), ராட்சசன் (2018), சைக்கோ (2020) போன்ற பிற்காலப் படங்களிலும் கொலையாளியின் சிறுவயதுக் காயம் தொடர்கிறது. தமிழ் ஸ்லாஷர் தன் கொலைகாரனுக்கு ஒரு காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவனால் கொல்லப்பட்ட பெண்களுக்கு அவ்வாறு ஒரு கடந்தகாலத்தை அது அரிதாகவே தந்திருக்கிறது. தோட்டத்தில் புதைந்தவர்கள் யார் என்ற கேள்வியுடன் சிகப்பு ரோஜாக்களை இன்று மீண்டும் பார்த்தால், அப்படம் சொல்லாமல் விட்ட அச்சமும் புலப்படும்.