பெடலில் வேகம் எங்கே இருக்கு?

"மெட்டல் வாசிக்கணுமா? டைரக்ட் டிரைவ் வாங்கு." பேஸ் டிரம் பெடல் பற்றி எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். செயினுக்குப் பதிலாக வளையாத உலோக இணைப்பு, கால் அசைவு அப்படியே பீட்டருக்குப் போய்ச் சேரும், அதனால் வேகம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ மெட்டலுக்காகவே பிறந்த புதுச் சரக்கு மாதிரி எழுதுறாங்களே, அதுதான் இடிக்குது. லுட்விக்கின் 'ஸ்பீட் கிங்' 1937-லேயே டைரக்ட் டிரைவ். லெட் செப்பெலினின் ஜான் பான்ஹாம் ஒற்றைக் காலால் மிரட்டியது அந்தப் பெடலை வைத்துத்தான். மோட்டர்ஹெட்டின் 'ஓவர்கில்' (1979) கேளுங்க. இன்றைய வடிவ டபுள் பெடல் கடைக்கு வருவதற்கு முன்பே, இரண்டு பேஸ் டிரம்மை வைத்து ஃபில் டெய்லர் ஓட்டிய ஓட்டம் அது.

சரி, கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு 200 பீட், பீட்டுக்கு நாலு அடி: மொத்தம் 800 அடி. ஒரு காலுக்கு 400. அதாவது ஒரே காலின் இரண்டு அடிகளுக்கு நடுவே 150 மில்லிசெகண்ட்தான். அதற்குள் பீட்டர் திரும்பி வந்து நிற்கணும். அதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் இறுக்கம், பீட்டரின் எடை, அது சாய்ந்திருக்கும் கோணம். செயினா கம்பியா என்பது அதற்கு அப்புறம்தான். ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கினால் பீட்டர் சட்டென்று திரும்பும், கெண்டைக்கால் சீக்கிரம் செத்துப்போகும்.

விமர்சகர்கள் சொல்லாமல் விடுவது இடது கால் சங்கதி. டபுள் பெடலில் இடது மிதியின் விசை ஒரு தண்டு வழியாக, இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டைத் தாண்டித்தான் பீட்டருக்கு வருது. அங்கே துளி ஆட்டம் இருந்தாலும் இடது அடி தளர்ந்து விழும். பறையில் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் வேறுவேறு. அந்த வித்தியாசத்தில்தான் அதன் அழகே. மெட்டலில் ஓடும் பதினாறாம் அடிகளுக்கு நேர் எதிர்: இரண்டு காலும் ஒரே கால் மாதிரி கேட்கணும். விலை உயர்ந்த பெடலுக்குக் கொடுக்கிற காசு நியாயமாக இந்த ஜாயின்ட்டுக்குத்தான் போகணும். பல விளம்பரங்களில் மிதியின் பளபளப்புதான் முன்னால் நிற்குது.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: உடைஞ்சா யார் சரி பண்ணுவா? செயின் பெடலின் செயின் சைக்கிள் செயினுக்குத் தம்பி. சைக்கிள் கடைக்காரர் கைக்கு அது பழகின சாமான். டைரக்ட் டிரைவின் பேரிங் போனால் அதே அளவில் தேடி அலையணும், அநேகமா மலை இறங்கணும். அதனால் என் ஓட்டு செயினுக்கு, தயக்கமே இல்லாமல்.

கடைக்குப் போனா வலது காலைத் தூக்கி வெச்சிட்டு, இடது மிதியை மட்டும் அஞ்சு நிமிஷம் மெதுவா வாசிச்சுப் பாருங்க. தண்டைக் கையால் திருகிப் பாருங்க. லொடலொடன்னா அந்தப் பெட்டியை மூடச் சொல்லிடுங்க, பிராண்டு எதுவானாலும்.